எங்க வீட்டுக் கொரியன்

ஏம்மா, அந்தப் புத்தகத்தக் கொஞ்சம் காட்டு. தப்பா நெனச்சுக்காத, பஸ் ஏறுனதுல இருந்து பாத்துக்கிட்டே வர்றேன். அட்டையில அந்த எழுத்தப் பாத்ததும் மனசு ஒரு நிலையில இல்ல. வட்டம், கோடு, வட்டம், கோடு. கொரியன்தான? எனக்குத் தெரியும். எங்க வீட்டுல இந்த எழுத்து ஒட்டாத எடம் கெடையாது. பருப்பு டப்பால இருந்து பாத்ரூம் கதவு வரைக்கும் ஒட்டி வச்சிருக்கேன்.

இதே புத்தகம் எங்கிட்டயும் இருக்கு. மொதப் பாடம் என்ன? "நான் மாணவன். நீங்கள் மாணவரா?" அதான? அம்பத்தெட்டு வயசுல நான் எதுக்கும்மா மாணவன்னு சொல்லணும்? ரெண்டாவது பாடம், "இது நாற்காலி." நாற்காலிய நாற்காலின்னு யாருகிட்டப் போயி சொல்ல? நான் சொல்றேன் கேளு, இத மட்டும் நம்பி எறங்கிராத. கொரியன் படிக்க என்னென்ன உண்டோ அத்தனையும் வாங்கிப் பாத்தவ நான். எது ஒதவும் எது ஒதவாதுன்னு எங்கிட்டத்தான் கேக்கணும். திண்டுக்கல்ல எங்க தெருவுல போயிக் கேட்டா, எங்க வீட்டுக்காரருக்குக் கொரியன் தெரியும்னு சொல்லுவாங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது. அதத்தான் சொல்ல வர்றேன். திருச்சி போய்ச் சேர நேரம் இருக்குல்ல, கேளு.

எங்களுக்கு ஒரு பையன், ஒரு பொண்ணு. பையன் சிவநேசன், கொரியாவுல பேட்டரி ஆராய்ச்சிக்குன்னு போனான். போன எடத்துல கூட வேலை பாத்த பொண்ணையே கட்டிக்கிட்டான். சூயோன்னு பேரு. நல்ல பொண்ணு. நான் ஒண்ணும் சொல்லல. அழுதேன், ஒரு வாரம் சரியாச் சாப்பிடல, அப்புறம் நானே போன்ல ஆசீர்வாதம் பண்ணுனேன். ஒரு பேத்தி பொறந்தா. யூனா. இப்ப அஞ்சு வயசு. அஞ்சு வருசமும் போன்லதான் பாத்தோம். லீவு கெடைக்கலம்பான், டிக்கெட் கெடைக்கலம்பான். போன வருசம் ஆடியில ஒரு நாள் போன் பண்ணி, "அம்மா, பொங்கலுக்கு மூணு பேரும் வர்றோம், ஒரு மாசம் இருப்போம்"னான்.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். பேத்தி வீட்டுக்குள்ள வர்றப்ப நாம ஊமையா நிக்கக் கூடாது. குடும்பமாக் கொரியன் படிக்கிறோம். நானு, அவரு, எம்பொண்ணு உமையாள். உமையா பேங்க்ல இருக்கா. டெய்லி சாயங்காலம் ஆறு மணிக்கு ஹால்ல உக்காரணும்னு சொல்லிட்டேன்.

ஒண்ணு நீ புரிஞ்சுக்கணும். நான் பேசியே பொழச்சவ. இன்சூரன்ஸ் ஏஜென்ட். வீடு வீடாப் போயி, சாக மாட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கிறவனயும் உக்கார வச்சுப் பேசி பாலிசி எடுக்க வச்சவ. எங்க வீட்டுல பேச்சுன்னா அது என் பேச்சுதான். அவரு கூட்டுறவு சங்கத்துல இருந்து ரிட்டயரானவரு. தண்டபாணி சார் ரொம்ப அமைதின்னு எல்லாரும் சொல்லுவாங்க. அமைதி என்ன அமைதி, செவுரு மாதிரி. பையன் போன் பண்ணுனா எங்கிட்டத்தான் பேசுவான். இவரு பக்கத்துல பேப்பர் படிச்சிட்டிருப்பாரு. கடைசில "அப்பாகிட்டக் குடும்மா"ம்பான். குடுப்பேன். "ம்." "சரி." "ஒடம்பப் பாத்துக்க." முடிஞ்சது. முப்பத்தொரு வருசமா அவருக்குஞ் சேத்து நாந்தான் பேசிக்கிட்டு இருக்கேன். அப்ப யாரு மொதல்ல கொரியன் பேசியிருக்கணும்? நீயே சொல்லு. இரு, நான் முடிச்சிர்றேன்.

மொதல்ல இந்தப் புத்தகம் வாங்குனேன். இங்கிலீஷ்ல வெளக்கம். எனக்கு இங்கிலீஷ் வரும், பரவால்ல. ஆனா நாலு பாடம் தாண்டறதுக்குள்ள மரியாதைக்கு ஒரு விகுதி, பெரியவங்களுக்கு ஒரு விகுதி, ஆபீஸ்ல ஒரு விகுதின்னு வந்து நிக்குது. சரி, இது வேலைக்காகாதுன்னு உமையா போன்ல ஒரு ஆப் போட்டுக் குடுத்தா. அது நேரங்கெட்ட நேரத்துல மணி அடிச்சு, "இன்னைக்கு நீங்க இன்னும் படிக்கல"ன்னு கண்டிக்கும். பாலிசி பேச ஒரு வீட்டுல உக்காந்திருக்கேன், அது கத்துது. அதுல என்ன சொல்லித் தர்றான்? "பூனை பால் குடிக்கிறது." "என் அண்ணனிடம் ஆப்பிள் இருக்கிறது." எம் பேத்திக்கு அண்ணனும் இல்ல, பூனையும் இல்ல.

அப்புறம் யூடியூப்ல ஒரு பையன். நம்ம கரூர்ப் பையன், அங்க போயி இருக்கான். தமிழ்லயே சொல்லித் தர்றான்னு சந்தோசமா உக்காந்தேன். பாதி வீடியோ அவன் எப்படிக் கஷ்டப்பட்டான்னு சொல்றான், மீதிப் பாதி எங்க சாப்பிட்டான்னு சொல்றான். அடுத்தவங்களப் பேச விடாம எப்படித்தான் இவங்களால இவ்வளவு பேச முடியுதோ.

பெறகு காசு போனாலும் பரவால்லன்னு ஆன்லைன்ல ஒரு டீச்சர் வச்சேன். சென்னையில இருக்கிற கொரியாக்காரப் பொண்ணு. சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே இருக்கும். நான் எங்க குடும்ப வரலாறு, சிவநேசன் பொறந்தப்ப பட்ட பாடு, எல்லாம் இங்கிலீஷ்ல சொல்லுவேன். ஒரு மாசம் ஆச்சு, "நீங்க தனியாப் படிக்கிறது நல்லது"ன்னு மெசேஜ் போட்டுட்டு நின்னுருச்சு. பாடம் நடத்தத் தெரியல அந்தப் பொண்ணுக்கு. நேரம் முடிஞ்சா முடிஞ்சதுன்னு சொல்லக்கூடத் தெரியல.

கடைசியா நானே எறங்குனேன். எழுத்துச் சார்ட் ஒண்ணு வாங்கி அடுப்படியில ஒட்டுனேன். வீட்டுச் சாமான் பூராத்துக்கும் கொரியன்ல பேரு எழுதி ஒட்டுனேன். கதவு, ஜன்னல், பிரிட்ஜ், சக்கர டப்பா. பக்கத்து வீட்டுச் சரோஜா வந்து, "என்னக்கா, வீட்டுக்கு ஏதும் கோளாறா? யாரு எழுதிக் குடுத்த எந்திரம் இது?"ன்னு கேட்டா. போ போ, இது கொரியன்னு சொன்னேன். அவ நம்பல.

இத்தனையும் நான் பண்றேன். எங்க வீட்டுக்காரரு என்ன பண்ணுனாரு தெரியுமா? மொத நாளு ஆறு மணிக்கு வந்து உக்காந்தாரு. நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லணும். ஒரு வார்த்த தப்பாச் சொன்னாரு, திருத்துனேன். ரெண்டாவது தப்பு, திருத்துனேன். மூணாவது நாள்ல இருந்து, "நீங்க படிங்க, நான் இந்தா வந்தர்றேன்"னு மாடிக்குப் போயிட்டாரு. போறப்பப் போனையும் எடுத்துக்கிட்டுப் போனாரு. நான் கண்டுக்கல. படிக்க வணங்காத ஆளுன்னு விட்டுட்டேன்.

ஒரு வாரம் பத்து நாள் இருக்கும். துணி எடுக்க மாடிக்குப் போறேன். சிரிப்புச் சத்தம் கேக்குது. யாரு சிரிக்கிறதுன்னு பாத்தா, இவரு! தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல பிளாஸ்டிக் சேரப் போட்டு உக்காந்துக்கிட்டுப் போனப் பாத்துச் சிரிக்கிறாரு. இந்த வயசுல யாருகூடடா இந்த மனுசன் இப்படிச் சிரிக்கிறாருன்னு நெனச்சேன். மெதுவாப் பின்னாடி போயிப் பாத்தா, யூனா.

அது ஒரு பொம்மையத் தூக்கிக் காட்டி ஒண்ணு சொல்லுது. இவரு திருப்பிச் சொல்றாரு. தப்பாச் சொல்றாரு போல, அது விழுந்து விழுந்து சிரிக்குது. மறுபடியும் சொல்லுது. மறுபடியும் இவரு தப்பாச் சொல்றாரு. வேணும்னே சொல்ற மாதிரி இருந்துச்சு எனக்கு. அப்புறம் அது செருப்பத் தூக்கிக் காட்டுது, பல்லுத் தேய்க்கிற பிரஷத் தூக்கிக் காட்டுது. இதாம்மா அவரு படிச்ச படிப்பு! புத்தகமும் இல்ல, ஆப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல.

நான் உடனே போய் போன வாங்கி, "யூனா கண்ணு, பாட்டிகிட்டப் பேசு"ன்னேன். நான் படிச்சு வச்சிருந்ததுல நாற்காலி, மேசை, நான் ஒரு பாட்டி, எல்லாத்தையும் வரிசையாச் சொன்னேன். சரியாச் சொன்னேம்மா, ஒரு தப்பு இல்ல. அது கேட்டுச்சு. கொஞ்ச நேரங் கழிச்சுப் போன அப்படியே தரையில வச்சிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. எனக்கு அவங்க வீட்டுச் சீலிங்தான் தெரிஞ்சுது. ஒரு லைட்டு மட்டுந்தான், பேன்கூட இல்ல. இவரு போன வாங்கிச் சட்டப்பையில வச்சுக்கிட்டாரு. அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அன்னைல இருந்து டெய்லி இதே கத. சாயங்காலமானா மொகத்தக் கழுவித் தலையச் சீவிக்கிட்டு மாடிக்குப் போவாரு. எனக்காக அந்த மனுசன் தலை சீவி நான் பாத்ததில்ல. நான் கீழ உக்காந்து "அண்ணனிடம் ஆப்பிள் இருக்கிறது"ன்னு கத்திக்கிட்டு இருக்கேன், மேல இருந்து சிரிப்பு எறங்கி வருது. சாப்பிடுறப்ப, "என்ன பேசுனீங்க?"ன்னு கேப்பேன். "சும்மாதான்"னு சொல்லிட்டு ரசத்த ஊத்துன்னுவாரு. சும்மா பேசவா ஒரு மணி நேரம்?

பொங்கலுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி வந்தாங்க. மதுரை ஏர்போர்ட்டுக்கு நாங்க மூணு பேரும் போனோம். நான் பட்டுச் சேலை கட்டிக்கிட்டு, பேத்தியப் பாத்ததும் சொல்ல ஒரு வாக்கியத்த மாசக் கணக்காப் பழகி வச்சிருந்தேன். வெளிய வந்தாங்க. சூயோன் குனிஞ்சு வணக்கம் சொன்னா. யூனா அவ பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. நான் முன்னாடி போயி, தெளிவா, "மன்னாசோ பங்கப்சும்னிதா"ன்னேன். உங்களச் சந்திச்சதுல மகிழ்ச்சின்னு அர்த்தம். உனக்குத் தெரிஞ்சிருக்கும். எம்மகன் சிரிச்சான் பாரு. "அம்மா, கலெக்டர் ஆபீஸ்ல பேசுற மாதிரி இருக்கும்மா. அஞ்சு வயசுப் புள்ளம்மா"ன்னான். புத்தகத்துல அப்படித்தானடா போட்டிருக்கான்?

இவரு அங்கயே குத்தவச்சு உக்காந்தாரு. முட்டி வலின்னு கோயில்லகூட உக்கார மாட்டாரு. உக்காந்து ரெண்டு கையையும் விரிச்சு, "யூனாயா, இரி வா"ன்னாரு. அவ்வளவுதான். புள்ள ஓடி வந்து கழுத்தக் கட்டிக்கிச்சு. "என்னடா சொன்னாரு உங்கப்பா?"ன்னு கேட்டேன். "இங்க வான்னு சொன்னாரும்மா. கொரியன்லயும் வான்னா வாதான்"னான். வான்னா வாவா? அடப்பாவிகளா, அதத் தமிழ்லயே நான் சொல்லியிருப்பேனே! எந்தப் புத்தகமாவது அதச் சொல்லுச்சா எனக்கு?

வீட்டுக்கு வந்த பெறகும் அப்படித்தான். காலையில எந்திரிச்சா, "ஹராபொஜி." தாத்தான்னு அர்த்தம். சாப்பிட, "ஹராபொஜி." குளிக்க மட்டும் அம்மா. பாட்டிக்கு ஹல்மொனின்னு ஒரு வார்த்த இருக்கு, அது அந்தப் புள்ள வாயில இருந்து வந்தது கொஞ்சம்தான். வந்தப்பல்லாம், "ஹல்மொனி, ஹராபொஜி எங்க?"ன்னு கேக்கத்தான் வந்துச்சு. நான் பணியாரம் சுட்டுக் குடுப்பேன், அத வாங்கி நேரா அவருகிட்டக் கொண்டு போயி ஆளுக்குப் பாதி தின்னும். மார்க்கெட்டுக்கு ரெண்டும் கையக் கோத்துக்கிட்டுப் போகும். தெருவே வேடிக்க பாக்கும். "தண்டபாணி சார் என்ன அழகாக் கொரியன் பேசுறாரு"ன்னு சரோஜா எங்கிட்டயே வந்து சொல்றா. அவளுக்கு எப்படித் தெரியும் அழகா அசிங்கமான்னு?

இதுக்கு நடுவுல ஒண்ணு நடந்துச்சு. கேளு.

சிவநேசனும் சூயோனும் ஒரு நாள் கொடைக்கானல் போனாங்க. வளைஞ்சு வளைஞ்சு போறதுல புள்ளைக்கு வாந்தி வரும்னு எங்ககிட்ட விட்டுட்டுப் போனாங்க. உமையா பேங்குக்குப் போயிட்டா. மத்தியானம் புள்ள தூங்குச்சு. இவரு தேங்காய் வாங்க மார்க்கெட்டுக்குக் கெளம்புனாரு. எனக்கு என்ன சந்தோசம் தெரியுமா? இன்னைக்கு எந்திரிக்கிறப்ப மொதல்ல எம் மொகத்தத்தான் பாக்கும். பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.

எந்திரிச்சுச்சு. எந்திரிச்சதும் அழுக. கன்னத்துல கைய வச்சுக்கிட்டு, "அபா, அபா"ன்னு. எனக்குப் புரிஞ்சுபோச்சு. இது ஒண்ணு எனக்கு நல்லாத் தெரியும். கொரியன்லயும் அப்பாவுக்கு அப்பாதான், அம்மாவுக்கு ஒம்மா. அதப் படிச்ச அன்னைக்கே, இது நம்ம பாஷைதான்டி, எங்க போயிரும்னு உமையாகிட்டச் சொன்னேன். அப்பனத் தேடுது புள்ள. "அப்பா வந்துருவாரு கண்ணு, அப்பா மலைக்குப் போயிருக்காரு"ன்னேன். இன்னும் கூடுதலா, "அபா!" சிவநேசனுக்குப் போன் போட்டேன், மலையில சிக்னல் இல்ல. அவன் கல்யாணப் போட்டோவ எடுத்துக் காட்டுனேன், "இந்தா பாரு அப்பா." போட்டோவத் தட்டி விட்டுருச்சு. புத்தகத்த எடுத்துக் குடும்பம்னு ஒரு பாடம் இருக்குல்ல, அதப் பிரிச்சு, "இவர் என் தந்தை. இவர் ஒரு மருத்துவர்"னு சத்தமா வாசிச்சேன். அது காதப் பொத்திக்கிட்டுக் கத்துச்சு. நான் வாசிக்கிறது புடிக்கலன்னு நெனச்சேன்.

அப்புறம் ஆரம்பிச்சிருச்சு, "ஹராபொஜி, ஹராபொஜி." அவரு சட்டப்பையில போன் இருக்கு. கூப்பிட்டா ஓடி வந்துருவாரு. நான் கூப்பிடல. எதுக்குக் கூப்பிடணுங்கறேன்? டெய்லிதான் அவருகூட இருக்கு. ஒரு பொழுதாவது எங்கிட்ட இருந்து பழகட்டுமே. அழுது அழுது அடங்குனா எம் மடியிலதான வந்து படுக்கணும்? தூக்கி வச்சுக்கிட்டு ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தேன். பேசிக்கிட்டே நடந்தேன். எனக்குத் தெரிஞ்ச கொரியன் அத்தனையும் சொன்னேன். பூன பால் குடிச்சதக்கூடச் சொன்னேன்.

அவராத்தான் வந்தாரு. பையக் கீழ போட்டாரு. புள்ள என் தோள்ல இருந்து அவருகிட்டத் தாவுச்சு. "அபா"ங்குது. இவரு, "அபா? ஒதி அபா?"ன்னாரு. புள்ள டக்குனு அழுகைய நிறுத்திட்டுக் காதுக்குள்ள விரலக் காட்டுது. அவரு என்னப் பாத்து, "எவ்வளவு நேரமா அழுகுறா? காது வலிக்குதுன்னு சொல்றா"ன்னாரு.

அபான்னா வலிக்குதாம்மா! ஒதின்னா எங்கயாம். அப்பான்னு அழுத்திச் சொன்னா அப்பாவாம், அபான்னு மூச்சு விட்டுச் சொன்னா வலியாம். நீயே சொல்லு, இது என்ன நியாயம்? இத எந்தப் புத்தகத்துல மொதப் பக்கத்துல போட்டிருக்கான்? நாற்காலியப் போட்டிருக்கான், மேசையப் போட்டிருக்கான். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு டாக்டருகிட்டப் போற ஆட்டோவுல கேட்டேன். "போன்ல பேசுறப்ப ஒரு நாளு கட்டில்ல முட்டிக்கிட்டா. அப்பச் சொன்னா"ன்னாரு.

காது டாக்டரு லைட்டடிச்சுப் பாத்தாரு. எறும்பு. கட்டெறும்பு ஒண்ணு உள்ள போயிக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. சொட்டு மருந்து ஊத்தி வெளிய எடுத்துப் பஞ்சுல வச்சுக் காட்டுனாரு. "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே, புள்ள துடிச்சுப் போயிருக்கும்"னாரு. எங்க வீட்டுக்காரரு என்னத் திரும்பிக்கூடப் பாக்கல. புள்ள அவரு தோள்லயே தூங்கிருச்சு. நான் அதோட செருப்பு ரெண்டையும் கையில புடிச்சுக்கிட்டுப் பின்னாடி நடந்தேன். ரோஸ் கலர்ச் செருப்பு, முயல் பொம்ம போட்டது. அந்தச் செருப்புக்குக் கொரியன்ல என்ன பேருன்னு எனக்குத் தெரியும்மா. நல்லாத் தெரியும். கேக்கத்தான் ஆளில்ல.

சாயங்காலம் அவங்க வந்தாங்க. மகன் அவங்கப்பா கையப் புடிச்சுக்கிட்டு, "நல்லவேளப்பா, நீங்க இருந்தீங்க"ன்னான். வெயில்ல புள்ளையத் தூக்கிக்கிட்டு நடந்தவ நானு. எனக்கு ஒரு வார்த்த இல்ல. சூயோன் எங்கிட்ட வந்தா. போன எடுத்து அவ பாஷையில ஏதோ சொன்னா, அது தமிழ்ல பேசுச்சு. ஒரு பொம்பளக் கொரலு, நியூஸ் வாசிக்கிற மாதிரி, "மாமியார் அவர்களே, தவறு தங்களுடையது அல்ல"ங்குது. தவறுன்னு யாரு சொன்னா இப்ப? எனக்கு அப்படி ஒரு கோவம். "பரவால்ல, பரவால்ல"ன்னு சொல்லிட்டு நடந்தது பூராத்தையும் அவளுக்கு வெளக்குனேன். அவ கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே நின்னா. நடுவுல ரெண்டு மூணு தடவ போன மறுபடி வாய்கிட்டக் கொண்டு போனா, இன்னும் என்னமோ சொல்லணும்னு இருந்திருப்பா போல. எனக்குத்தான் சொல்ல வேண்டியது நெறைய இருந்துச்சு.

ஒரு மாசம் ஓடிப்போச்சு. போயிட்டாங்க. ஏர்போர்ட்டுல யூனா அவரு சட்டையப் புடிச்சுக்கிட்டு விடல. எனக்குக் கன்னத்துல ஒரு முத்தம் குடுத்துச்சு. அவங்கம்மா சொல்லிக் குடுத்துக் குடுத்தது அது, எனக்குத் தெரியாதா?

போன வாரம் மறுபடியும் மாடியில சிரிப்பு. எனக்குத் தாங்கல. படியில நின்னு ஒட்டுக் கேட்டேன். புள்ள விடாமப் பேசுது. பள்ளிக்கூடத்துக் கதையோ என்னமோ. கொஞ்சம் நிறுத்துனா இவரு ஒரு வார்த்த சொல்றாரு. உடனே அது மறுபடி ஆரம்பிக்குது. மறுபடி நிறுத்துனா அதே வார்த்த. கடைசி வரைக்கும் அந்த ஒரே வார்த்ததாம்மா! வேற ஒண்ணுமே இவரு பேசல.

போன வச்சதும் போயிப் புடிச்சுக்கிட்டேன். "என்னங்க, நீங்க ஒண்ணுமே பேசலயே?"ன்னேன்.

"நான் எங்க பேசுறேன். அவதான் பேசுறா."

"அவ பேசுறது உங்களுக்குப் புரியுதா?"

"பாதி புரியாது."

"புரியாமயா ஒரு மணி நேரம்?"

"நிறுத்துனா, அப்புறம்னு கேப்பேன். அது மட்டும் போதும் அவளுக்கு"ன்னாரு. சொல்லிட்டு அந்தக் கொரியன் வார்த்தையச் சொன்னாரு.

எனக்கு எப்படி இருக்கும்? புத்தகம், ஆப்பு, டீச்சரு, வீடு பூராச் சீட்டு, இத்தனையும் நான் பாடுபட்டுச் சேத்தா, இந்த மனுசன் ஒத்த வார்த்தைய வச்சுக்கிட்டுக் கொரியாக்காரரு ஆயிட்டாரு! ஊரு மெச்சுது, மகன் மெச்சுறான். நல்லாக் கேட்டுட்டேன். "அப்புறம், அப்புறம்னு அவகிட்டக் கேக்கத் தெரியுதே, முப்பத்தொரு வருசத்துல எங்கிட்ட ஒரு தடவ கேட்டிருக்கீங்களா, அப்புறம்னு?" அவரு என்னையே பாத்தாரு. ஏதோ சொல்ல வாயத் தொறந்தாரு. நான் இன்னும் முடிக்கலயே, சொல்லிக்கிட்டே இருந்தேன். அவரு சேர மடக்கிச் செவுத்துல சாச்சு வச்சிட்டுக் கீழ எறங்கிப் போயிட்டாரு. உமையாகிட்டச் சொல்லி அழுதா, "அப்பா அப்புறம்னு கேக்குற அளவுக்கு நீ எப்பம்மா நிறுத்தியிருக்க?"ங்கறா. அது என்ன பேச்சு? பெத்த தாய்கிட்டப் பேசுற பேச்சா அது?

அது கெடக்கட்டும். எனக்கு ஒண்ணு தெரியணும். அவரு அந்த வார்த்தையச் சொன்னாருன்னேன்ல, அப்ப நான் பேசிக்கிட்டு இருந்ததுல அது என் காதுல சரியா விழல. திருப்பிக் கேக்க எனக்கு மானம் எடங்குடுக்கல. அவருகிட்டப் போயி நான் கேக்கவா? செத்தாலும் கேக்க மாட்டேன். உமையாகிட்டக் கேட்டா அவருகிட்டச் சொல்லிருவா. புத்தகத்துல தேடுனேன், கண்டுபிடிக்க முடியல. ஒனக்குத் தெரியுமா? ஒருத்தரு கத சொல்லிக்கிட்டு இருக்கிறப்ப, சரி, அப்புறம் என்னாச்சுன்னு கேக்குறது.

என்னது? கொஞ்சம் மெதுவாச் சொல்லு. கிரேசா? கொரேசா? குரேசோ. குரேசோ. அதேதான்! மாடியில கேட்ட சத்தம் அதேதான். குரல்ங்கிற மாதிரியே ஆரம்பிக்குது, ஞாபகம் வச்சுக்கலாம். குரேசோ. இவ்வளவு சின்ன வார்த்தையா? இதுக்கா நான் வீடெல்லாம் பசை தடவுனேன்?

இப்பத் திருச்சியில என் தங்கச்சி வீட்டுக்குத்தான் போறேன், நாளைக்கு அங்க இருந்தே யூனாவுக்கு நான் போன் போடுறேன். அவரு போடுறதுக்கு முந்தியே போட்டுருவேன். நாற்காலி, மேச ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன். இத மட்டுந்தான் சொல்லுவேன். பேசட்டும் புள்ள. எவ்வளவு நேரம் பேசுதோ பேசட்டும். அன்னைக்கு அவரு தலையச் சீவிக்கிட்டு மாடியில உக்காந்து, போன் பிஸி, போன் பிஸின்னு கேக்கட்டும்.

ஆனா பழகணும்ல. சட்டுனு வாயில வராது. எனக்கு நடுவுல வேற ஏதாவது வந்துரும். ஒங்கிட்டவே பழகிப் பாக்கட்டா? இன்னும் மணப்பாறை வரல. சொல்லு, நீ எதுக்குக் கொரியன் படிக்கிற?

ம்.

அப்படியா.

யாரு, ஒன் அக்காவா? அக்கா வீட்டுக்காரரு அங்க... அட, எம்மவனும் அங்கதான், அவன் போன புதுசுல...

இல்ல. ஒண்ணுமில்ல. நீ சொல்லு கண்ணு.

குரேசோ?